2024 பேஸ்பால் பருவத்துக்கு முன் பால்டிமோர் ஓரியோல்ஸ்: ஹாலிடேயை முதல் நாளிலேயே களமிறக்க வேண்டுமா?

கேம்டன் ரசிகன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மார்ச் 28 அன்று சொந்த மைதானமான கேம்டன் யார்ட்ஸில் ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்துடன் ஓரியோல்ஸின் புதிய பருவம் தொடங்குகிறது. கடந்த ஆண்டு 101 வெற்றிகளுடன் அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணி, பிளே-ஆஃபில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் மூன்று ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று வெளியேறியது. கேட்சர் ஆட்லி ரட்ச்மன் 2022 மே மாதம் அணிக்குள் வந்த நாளிலிருந்து வழக்கமான பருவத்தில் ஒரு தொடரைக்கூட முழுமையாகப் பறிகொடுக்காத அணிக்கு அப்படி நேர்ந்தது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

பிப்ரவரி தொடக்கத்தில் மில்வாக்கியிலிருந்து பந்துவீச்சாளர் கார்பின் பர்ன்ஸை வாங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டதென்று எண்ணினேன். அதே மாதத்தில் நம் பந்துவீச்சாளர் கைல் பிராடிஷின் முழங்கைத் தசைநாரில் காயம் என்ற செய்தி வந்தது. ஜான் மீன்ஸும் ஒரு மாதம் பின்தங்கியிருக்கிறார். மறுபுறம், 20 வயது ஜாக்சன் ஹாலிடே பயிற்சி முகாமில் செகண்ட் பேஸில் பழகிக்கொண்டிருக்கிறார். கால்டன் கவ்சர், ஹெஸ்டன் கெர்ஸ்டாட், கோபி மேயோ ஆகியோரும் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, 26 பேர் பட்டியலில் இடமோ ஒன்றிரண்டுதான் காலியாக இருக்கிறது. ஹாலிடேயை முதல் நாளிலேயே சேர்க்க வேண்டுமா, கீழ்நிலை அணியான நார்ஃபோக்கில் சிறிது காலம் வைத்திருப்பது நல்லதா? மற்ற இளம் வீரர்களைக் காத்திருக்க வைப்பதா, அவர்களில் சிலரைக் கொடுத்து இன்னொரு பந்துவீச்சாளரை வாங்குவதா? நீண்ட காலமாக இந்த அணியைக் கவனித்து வருபவர்கள் விளக்கமாக எழுதினால் மகிழ்வேன்.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:

நண்பரே, ஹாலிடேயைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். என் கவலையெல்லாம் பந்துவீச்சைப் பற்றியது. கடந்த பருவத்தில் அணி 807 ரன்கள் எடுத்து 678 ரன்களை விட்டுக்கொடுத்தது. அந்த வித்தியாசத்துக்கு 94 வெற்றிகள் அளவில்தான் வர வேண்டும். கூடுதலாக வந்த வெற்றிகளுக்குக் காரணம், ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் அணி 30-16 என்று வென்றதுதான். அத்தகைய ஆட்டங்களின் கடைசி இன்னிங்ஸில் ஃபீலிக்ஸ் பாட்டிஸ்டா நின்றார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 61 இன்னிங்ஸில் 110 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த அவர், முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பின் இந்தப் பருவம் முழுவதும் ஆட மாட்டார். அவருடைய இடத்துக்கு வந்திருக்கும் கிரெய்க் கிம்ப்ரல் 417 ஆட்டங்களை முடித்துக் கொடுத்த அனுபவசாலிதான் என்றாலும், இப்போது அவருக்கு 35 வயது. பந்து அவருடைய கட்டுப்பாட்டில் இல்லாத நாள்களில் வாக் மேல் வாக் (தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். எட்டாம் இன்னிங்ஸில் யெனியர் கானோ இருப்பது ஓரளவு ஆறுதல்.

தொடக்கப் பந்துவீச்சாளர்களை இன்னிங்ஸ் கணக்கில் பார்த்தால் நிலைமை தெளிவாகும். பர்ன்ஸ் கடந்த ஆண்டு 193 இன்னிங்ஸுக்குச் சற்று மேல் வீசினார். செயின்ட் லூயிஸுக்குச் சென்றுவிட்ட கைல் கிப்சன் நமக்காக வீசியது 192. ஆகவே எண்ணிக்கையில் பர்ன்ஸ், கிப்சன் விட்டுச்சென்ற இடத்தை நிரப்புகிறார், அவ்வளவுதான். தரத்தில்தான் இருவருக்கும் பெரிய வேறுபாடு. பர்ன்ஸின் கட்டர், அதாவது கடைசி நேரத்தில் திரும்பும் பந்து, மணிக்கு 95 மைல் வேகத்தை ஒட்டி வருகிறது. நடுவில் வருவது போலத் தோன்றி, இடக்கை ஆட்டக்காரர் மட்டையைச் சுழற்றத் தொடங்கிய பிறகு உள்நோக்கித் திரும்புவதால், அவர் அடித்தாலும் பந்து மட்டையின் கைப்பிடிப் பக்கத்தில் பட்டுத் தரையில் உருளுகிறது. 2021 இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதைப் பெற்றுத் தந்த பந்து அது.

ஆனால் பிராடிஷின் 168 இன்னிங்ஸை யார் வீசுவது? 2.83 என்ற ஈ.ஆர்.ஏ.வுடன் (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன்களின் சராசரி) சை யங் வாக்கெடுப்பில் நான்காவதாக வந்தவர் அவர். இப்போது ஊசி போட்டுக்கொண்டு மெல்ல மெல்லப் பந்தெறியத் தொடங்கியிருக்கிறார். இத்தகைய காயம் பலருக்கு இறுதியில் அறுவைச் சிகிச்சையில்தான் முடிந்திருக்கிறது. கிரேசன் ரோட்ரிகஸ் கடந்த ஆண்டு முதற்பாதியில் 7-க்கு மேல் ஈ.ஆர்.ஏ. வைத்திருந்து கீழே அனுப்பப்பட்டு, ஜூலையில் திரும்பிய பிறகு 3-க்கும் குறைவாகக் கொடுத்தார். அவர்மீது எனக்கு முழு நம்பிக்கை உண்டு. டீன் கிரீமர் உழைப்பாளி. 170 இன்னிங்ஸ் தருவார். டைலர் வெல்ஸ் சென்ற ஆண்டு ஜூலை இறுதிக்குள் களைத்துப்போனதை நாம் கண்டோம். கோல் இர்வின் ஐந்தாம் இடத்துக்குத் தகுந்தவர். இந்த ஐவரில் ஒருவர் மே மாதத்தில் காயமுற்றாலும் அடுத்து அழைக்க ஆள் இல்லை.

இதற்குக் காரணம் நிர்வாகத்தின் கொள்கையே. பொது மேலாளர் மைக் எலையஸ் பொறுப்பேற்றபின் 2019 முதல் 2023 வரை, டிராஃப்ட் எனப்படும் புதிய வீரர் தேர்வின் முதல் சுற்றில் எடுத்த ரட்ச்மன், கெர்ஸ்டாட், கவ்சர், ஹாலிடே, என்ரிக் பிராட்ஃபீல்ட் ஆகிய ஐவருமே பேட்டர்கள். இளம் பேட்டர்கள் பந்துவீச்சாளர்களைவிடக் காயங்களுக்குத் தப்பி வளர்வார்கள் என்ற கணக்கு பலித்திருக்கிறது. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்தக் கணக்கின் அடுத்த வரி, மிகுதியாக உள்ள பேட்டர்களைக் கொடுத்துப் பந்துவீச்சை வாங்குவது. ஜோயி ஓர்டிஸையும் டி.எல். ஹாலையும் ஒரு டிராஃப்ட் தேர்வுடன் கொடுத்துப் பர்ன்ஸைப் பெற்றது அதன் தொடக்கம். ஜூலை இறுதிக்குள் இன்னொரு முறை அதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நார்ஃபோக் வாசகி:

ஹாலிடே பற்றிய கேள்விக்கு என்னுடைய பதில்: முதல் நாளிலேயே அவரைச் சேர்க்க வேண்டும்.

2022 டிராஃப்டில் முதல் தேர்வாக வந்த அவர், கடந்த ஆண்டு டெல்மார்வா, அபர்டீன், போவி, நார்ஃபோக் என்று கீழ்நிலை அணிகளின் நான்கு படிகளையும் ஒரே பருவத்தில் ஏறினார். மட்டைச் சராசரி .323, 101 வாக். அந்த இரண்டாவது எண்ணே என்னை அதிகம் கவர்கிறது. பத்தொன்பது வயதில் தம்மைவிட ஐந்தாறு ஆண்டு மூத்த பிட்சர்களின் (பந்துவீச்சாளர்களின்) பந்துகளை விட்டுவிடும் பொறுமை சொல்லிக்கொடுத்து வருவதில்லை. நார்ஃபோக்கில் அவர் ஆடியது 18 ஆட்டங்கள்தான் என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு; பெரிய லீக்குக்கு அடுத்த கீழ்ப்படியான டிரிபிள்-ஏ அளவில் அனுபவம் வாய்ந்த இடக்கைப் பிட்சர்களை அவர் இன்னும் போதுமான அளவு சந்திக்கவில்லை.

அவருக்கு உண்மையான சோதனை தடுப்பாட்டத்தில்தான் இருக்கிறது. அவர் இயல்பிலேயே ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர். அந்த இடத்தில் கடந்த ஆண்டின் ஏகமனதான சிறந்த புதுமுகம் கன்னர் ஹெண்டர்சன் இருக்கிறார். ஒரே பந்தில் இருவரை வெளியேற்றும் டபுள் பிளேயின்போது ஷார்ட்ஸ்டாப் இரண்டாம் பேஸை நோக்கி ஓடி வரும்போதே முதல் பேஸும், ஓடிவரும் எதிரணி வீரரும் அவர் கண்முன் இருப்பார்கள். செகண்ட் பேஸ்காரரோ பந்தைப் பெறும் கணத்தில் அந்த ஓட்டக்காரரைப் பார்க்கவே முடியாது; பேஸைத் தொட்டு, கால் மாற்றி, உடலைத் திருப்பி எறிய வேண்டும். முகாமில் அவர் நாள்தோறும் பழகுவது இந்த ஓரடியைத்தான். கற்றுக்கொள்வார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சேவைக் காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் பழைய விதியை வைத்தே பேசுகிறார்கள். பருவத்தில் 172 நாள் பட்டியலில் இருந்தால் ஓராண்டு சேவை. ஆறு ஆண்டு சேவை முடிந்தால் வீரர் எந்த அணிக்கும் செல்லலாம். முன்பெல்லாம் ஒரு புதுமுகத்தை இரண்டு, மூன்று வாரம் கீழே வைத்திருந்து அணிகள் கூடுதலாக ஓராண்டைச் சம்பாதித்துக்கொண்டன. 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு, சிறந்த புதுமுக விருதில் முதல் இரண்டு இடங்களுக்குள் வருபவருக்கு எப்போது வந்திருந்தாலும் முழு ஆண்டு சேவை வழங்கப்படுகிறது. ரட்ச்மன் 2022 மே மாதத்தில்தான் வந்தார். ஆனாலும் இரண்டாம் இடம் பெற்றதால் அவருக்கு முழு ஆண்டு கிடைத்துவிட்டது. அது மட்டுமின்றி, முன்னணிப் பட்டியல்களில் உள்ள புதுமுகத்தைத் தொடக்கத்திலிருந்தே ஆடவிட்டு அவர் விருது வென்றால் அணிக்குக் கூடுதலாக ஒரு டிராஃப்ட் தேர்வு உண்டு. ஹெண்டர்சனால் நமக்கு அப்படி ஒன்று வந்திருக்கிறது. ஹாலிடே நாம் நம்பும் அளவுக்குச் சிறந்தவராக இருந்தால், அவரைத் தாமதப்படுத்துவதால் ஆண்டும் மிஞ்சாது, தேர்வும் கிடைக்காது. ரேஞ்சர்ஸின் எவன் கார்ட்டரும் வயட் லாங்ஃபர்டும் அதே விருதுக்குப் போட்டியிடக்கூடும் என்பதையும் கருத வேண்டும்.

இடதுகளச் சுவர்:

ஒன்பதாம் இன்னிங்ஸ் அவர்களின் கணக்கு அத்தனையும் சரி. முடிவில்தான் வேறுபடுகிறேன். இளம் பேட்டர்கள் மிகுதியாக இருக்கிறார்கள் என்று தோன்றுவது இந்த ஓராண்டுக்கு மட்டுமே. ஆன்டனி சான்டாண்டரின் ஒப்பந்தம் இந்தப் பருவத்துடன் முடிகிறது. செட்ரிக் மல்லின்ஸ், ஆஸ்டின் ஹேஸ் இருவரும் அடுத்த ஆண்டு இறுதிவரைதான். ஆக இரண்டு ஆண்டுகளில் வெளிக்களத்தின் மூன்று இடங்களும் காலியாகும். அந்த இடங்களுக்குரியவர்கள்தான் கவ்சரும் கெர்ஸ்டாடும் பிராட்ஃபீல்டும்.

கவ்சரைக் கடந்த ஆண்டு 26 ஆட்டங்களில் .115 அடித்ததற்காகத் தள்ளிவிடுபவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அதே ஹெண்டர்சன் சென்ற ஆண்டு மே மாத நடுவில் .200-ஐத் தாண்டத் தடுமாறிக்கொண்டிருந்தவர்தான். கெர்ஸ்டாட் இதய அழற்சியால் தொடக்க ஆண்டுகளை இழந்து, அதன் பிறகு செப்டம்பரில் பெரிய அணிக்கு வந்த மனிதர். அவருடைய மட்டைக்கு ஐநூறு வாய்ப்பாவது கொடுத்துப் பார்த்த பிறகே விற்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

விட்டுக்கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நான் மேயோவைச் சொல்வேன், அதுவும் மனமின்றி. சென்ற ஆண்டு 29 ஹோம் ரன் அடித்த வலக்கை ஆட்டக்காரர் அவர். ஆனால் கேம்டன் யார்ட்ஸின் இடதுகளச் சுவரை 2022 இல் பின்னுக்குத் தள்ளி, ஏழு அடியிலிருந்து பதின்மூன்று அடிக்கு உயர்த்திய பிறகு, வலக்கை ஆட்டக்காரர்களின் நல்ல அடிகள் அங்கே இரண்டு பேஸ் மட்டும் தரும் டபுளாகவோ கேட்ச்சாகவோ முடிகின்றன. நம் வலக்கை ஆட்டக்காரர் ரையன் மவுண்ட்கேஸிலைக் கேட்டால் சொல்வார். வேறு மைதானத்தில் மேயோவின் மதிப்பு நமக்குள்ளதைவிடக் கூடுதல். விற்பதற்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது. தேர்ட் பேஸிலும் ஃபர்ஸ்ட் பேஸிலும் ஜோர்டன் வெஸ்ட்பர்க், ரமோன் உரியாஸ், ரையன் ஓஹெர்ன் என்று ஆள்கள் இருக்கவே செய்கிறார்கள்.

சாமுவேல் பசாயோவை மட்டும் எந்தப் பேச்சிலும் இழுக்கக் கூடாது. பத்தொன்பது வயதில் கேட்சராகப் போவிவரை வந்தவர். முழங்கைக் காயத்தால் இப்போதைக்கு மட்டை மட்டும்தான் பிடிப்பார். ரட்ச்மன் இருக்கும்போது இன்னொரு கேட்சர் எதற்கு என்று கேட்பவர்கள், ரட்ச்மன் 2027 க்குப் பிறகு எந்த அணிக்கும் செல்லும் உரிமை பெற்றுவிடுவார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேம்டன் ரசிகன்:

மூவருக்கும் மிக்க நன்றி. சேவைக் கால விதியைப் பற்றி நான் அறிந்திருந்தது பழையதுதான் என்று இப்போது புரிகிறது. ஒரே ஒரு ஐயம் மிஞ்சியிருக்கிறது. பர்ன்ஸும் இந்தப் பருவத்துடன் விடுபடுகிறாரே, அவருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்க வாய்ப்பு உண்டா? டேவிட் ரூபன்ஸ்டீன் தலைமையிலான குழு அணியை 1.725 பில்லியன் டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டிருப்பதால் நிலைமை மாறுமா?

ஒன்பதாம் இன்னிங்ஸ்:

உரிமை மாற்றத்துக்கு மற்ற அணிகளின் உரிமையாளர்களின் ஒப்புதல் இன்னும் வர வேண்டியிருக்கிறது. அதற்குமுன் பெரிய ஒப்பந்தம் எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை. வந்த பிறகும், பர்ன்ஸ் சந்தைக்குச் சென்று தம் மதிப்பை அறியாமல் கையெழுத்திடுவார் என்று நான் நினைக்கவில்லை. அப்படி ஒரு தொகையைச் செலவிட முடியுமானால், அது முதலில் ஹெண்டர்சனுக்கும் ரட்ச்மனுக்கும் செல்ல வேண்டும்.

இடதுகளச் சுவர் அவர்கள் எழுதியதைப் படித்தபின் என் கருத்தில் ஒரு திருத்தம். கவ்சரையும் கெர்ஸ்டாடையும் வைத்துக்கொள்ளலாம்; நானும் மேயோவிடம் வந்து நிற்கிறேன். அவருடன் இளம் பேட்டர் கானர் நார்பியையும் சேர்த்தால், ஒப்பந்தத்தில் இரண்டு, மூன்று ஆண்டுகள் மிச்சமுள்ள ஒரு பந்துவீச்சாளர் கிடைப்பார். பர்ன்ஸைப் போல ஒரே பருவத்துக்கு வருபவரை மீண்டும் வாங்கக் கூடாது. ஹுவான் சோட்டோவைப் பெற்றிருக்கும் யாங்கீஸும், கடந்த ஆண்டு 99 வெற்றிகள் கண்ட டாம்பா பேயும் இருக்கும் பிரிவில் அந்த வணிகத்துக்கு ஜூலைவரை காத்திருப்பதே அதிகம். பிராடிஷின் முழங்கை மே மாதத்திலும் தேறாவிட்டால் அப்போதே தொலைபேசியை எடுக்க வேண்டும்.