அம்மாவைத் தேடாமல் ஓடலாமா?

சித்தப்பா: இந்தோனேசியாவில் இருக்கிற சிமெலுவே தீவைப் பற்றி இப்போதுதான் படித்து முடித்தேன். 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எழுபதாயிரத்துக்கும் மேல் மக்கள். சுனாமியில் இறந்தது 7 பேர்தான்!

நான்: அபாயச் சங்கு இருந்ததா சித்தப்பா?

சித்தப்பா: ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு சொல், ‘ஸ்மோங்’. அவர்கள் மொழியில் சுனாமி என்று அர்த்தம். 1907-ல் அலை வந்து ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது. அதைப் பாட்டாக்கி, தாலாட்டிலும் பாடி வந்திருக்கிறார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 97 வருடம் கழித்து ‘ஸ்மோங்’ என்று கூச்சல் கேட்டதும் ஊரே மலை ஏறிவிட்டது.

பெரியம்மா: தாலாட்டிலா! சிலிர்க்கிறது தம்பி. கடல் உள்ளே போனால் மீன் துள்ளுவதைப் பார்க்கத்தானே பிள்ளைகள் கிட்டே ஓடும்.

நான்: பக்கத்தில் சுமத்ரா தீவின் ஆச்சே கரையில் பலர் அந்த அலையை இறைவனின் சோதனை என்றார்களாமே?

சித்தப்பா: ஆமாம், அந்த நம்பிக்கைதான் பலரை மறுபடி எழுந்து நிற்க வைத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சிமெலுவேக்காரர்களுக்கும் அதே இறைநம்பிக்கைதான். கூடவே பாட்டும் இருந்தது.

அக்கா: ஜப்பானில் அனேயோஷி என்ற ஊரில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள், இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று. 2011 சுனாமி அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஆனால் அங்கே ‘தெண்டென்கோ’ என்று ஒன்று சொல்கிறார்கள். அலை வந்தால் அவரவர் ஓட வேண்டும், அம்மா அப்பாவைக்கூடத் தேடக் கூடாது. அதுதான் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

பெரியம்மா: என்ன பேச்சு இது! பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எப்படியம்மா ஓடுவது?

சித்தப்பா: நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் அண்ணி. 1896, 1933 என்று அந்தக் கரையில் திரும்பத் திரும்ப அலை வந்தது. ஒருவரைத் தேடி ஒருவர் போய், குடும்பம் குடும்பமாகப் போய்விட்டார்கள். அந்த வலியில் பிறந்த சொல் அது. பிள்ளை மேட்டில் ஏறியிருப்பான் என்று தாய்க்குத் தெரிய வேண்டும், தாய் ஏறியிருப்பாள் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் இரண்டு பேரும் திரும்பிப் போக மாட்டார்கள்.

அக்கா: 2011-ல் அதே கரையில் கமாயிஷி என்ற ஊரில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்களாம். முதலில் நின்ற இடம் போதாது என்று இன்னும் மேலே ஏறியிருக்கிறார்கள்.

பெரியம்மா: கையைப் பிடித்துக்கொண்டா? அப்படியென்றால் சரி.

பெரியம்மா: தம்பி, நமக்கு ஒன்று என்றால் எல்லாரும் எங்கே போய்ச் சேர்வது? இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடப் பேசினதில்லையே.

அக்கா: நாளை ராத்திரி குழு அழைப்பு போடுகிறேன் பெரியம்மா. பிள்ளைகளும் கூட இருக்கட்டும்.