புதுப்பிப்பு: ஆரா சண்டை பத்தி நான் சொன்னதுல பாதி தப்பு

‘ஃப்ரீரென்’ங்கிற ஜப்பானிய அனிமே தொடர்ல, மாயக்காரி ஃப்ரீரெனுக்கும் ஆராங்கிற அரக்கிக்கும் நடக்கிற சண்டை சப்புன்னு முடிஞ்சிடுச்சுன்னு போன வாரம் பொங்கியிருந்தேன். ஆரா என் உசிரு, அந்த ஆத்திரம்.

நேத்து கும்பகோணத்துல மழை, கரன்ட் இல்ல. போன்ல பத்தாவது எபிசோடை மறுபடி போட்டேன். ஐந்நூறு வருஷத்துக்கு மேல வாழ்ந்த கர்வத்தோட ஆரா தராசை நீட்டுறா. ரெண்டு பேர்ல யாருக்கு மாயசக்தி அதிகமோ, அவங்க மத்தவங்களை அடிமையாக்குற தராசு அது. ஃப்ரீரென் ஆயிரம் வருஷமா மறைச்சு வச்ச மாயசக்தி வெளிவருது, தட்டு அந்தப் பக்கம் இறங்குது. அப்ப ஆராவோட கண்ணைப் பாருங்க! சண்டையே அதுதான்.

மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்துல பிரகலாத சரித்திரம் பாத்தவங்களுக்குப் புரியும். நரசிம்மர் வர்ற வரைக்கும் வாக்குவாதம்தான் சண்டை, கண்ணெல்லாம் இரணியன் மேலதான் இருக்கும்.

ஆனா ஆரா அடிமையாக்கித் தலையை வெட்டி வச்சிருக்கிற வீரர்களோட, அந்தத் தலையில்லாப் படையோட, நடந்த மோதல் இன்னும் நீளமா வேணும். அதுல நான் மாறல.