டர்போ, ஆட்டோமேட்டிக், ஆல்-வீல் டிரைவ்: இவ்வளவும் இருந்து ஏன் மந்தம்?

கேள்வி: 2 லிட்டர் டர்போ பெட்ரோல், டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியே விசை கடத்தும்) ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஆல்-வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் விசை) கார். நின்ற இடத்திலிருந்து மிதித்தால் சற்றுத் தயங்கித்தான் கிளம்புகிறது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. இயல்பா, கோளாறா?

பதில் 1: கிளம்பும்போது மட்டும் என்றால் பெரும்பாலும் இயல்பு. ஐடிலில் எக்ஸாஸ்ட் வாயு குறைவு, அந்த வாயுவால் சுழலும் டர்போ வேகம் பிடிக்கும்வரை அது பூஸ்ட் (டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம்) இல்லாத சின்ன இன்ஜின்தான். அதன் தலையில், பின் சக்கரங்களுக்கும் விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் டிஃபரன்ஷியல் எடை வேறு. கியர்பாக்ஸைக் காக்கப் பல வண்டிகளில் ஈசியு (இன்ஜின் கணினி) முதல் கியரில் டார்க்கை (முறுக்குவிசையை) வேண்டுமென்றே குறைக்கும்.

பதில் 2: இயல்பு என்று விடுவதற்கு முன் அளந்துவிடுங்கள், தயவுசெய்து. காலியான சாலையில், மேனுவல் மோடில் 3வது கியர், 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழு மிதி. ஓபிடி ஸ்கேனரில் (காரின் கணினியைப் படிக்கும் கருவி) மேப் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) அளவைப் பதிவு செய்யுங்கள். அது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும்: கடல் மட்டத்தில் 180 கேபிஏ என்றால் பூஸ்ட் சுமார் 0.8 பார்தான். ஈசியு கேட்ட பூஸ்ட் அளவைவிடக் கிடைப்பது தொடர்ந்து குறைந்தால் கசிவைத் தேடுங்கள். முதல் சந்தேகம் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஹோஸ் கிளாம்ப். மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் ஸ்மோக் டெஸ்ட் (குழாய்களில் புகை செலுத்திக் கசிவைக் காண்பது) செய்யுங்கள். லேசான கசிவுக்கு விளக்கு எரியாமலே போகலாம்.

பதில் 3: பூஸ்ட் சரியாக வந்தும் இழுவை இல்லையா? இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை) பாருங்கள். ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் நாக் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) சென்சாரில் தெரிந்தால் ஈசியு டைமிங்கைப் பின்தள்ளும், வெயிலில் இன்னும் அதிகமாக. பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கிளம்பும் பழக்கம் மட்டும் வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயில் சட்டென்று அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.