தவளை லூரில் விரால்: அடித்ததும் இழுக்காதீர்கள்

பெரிய விராலைத் தேடிப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் மேற்பரப்பை. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். அப்போது விரியும் வட்டம் அது இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரே பக்கத்தில் மறுபடியும் வட்டம் விழும்வரை நான் தூண்டில் ராடைக் கையில் எடுப்பதில்லை. கரையில் தொம் தொம்மென்று நடக்கவும் கூடாது, அதிர்வு தெரிந்தால் அடியில் போய்ப் படுத்துவிடும்.

அன்று வட்டம் விழுந்தது தாமரை இலைகளுக்கு நடுவில். லூரை, அதாவது தவளை வடிவப் பொய் இரையை, நேரே மீனின் தலைமேல் போடாமல், தாண்டி அப்பால் எறிந்தேன். இலைமேல் ஏற்றி, விளிம்புவரை இழுத்து வந்து, தண்ணீரில் நழுவவிட்டு நிறுத்தினேன். மீன் பாய்ந்து கவ்வுவதைத்தான் அடி என்போம்; எனக்குக் கிடைத்த நல்ல அடிகள் பலவும் லூர் ஓடும்போது விழுந்தவை அல்ல, நின்றபோது விழுந்தவை.

இலைகள் தூக்கியடித்தன. பக்கத்தில் நின்ற நண்பர் "இழு, இழு!" என்று கத்தினார். நான் இழுக்கவில்லை. தவளை லூரின் இரட்டைத் தூண்டில் முள் அதன் மெத்தென்ற உடம்போடு ஒட்டிக் கிடக்கும். பாசியில் சிக்காமல் வருவதே அதனால்தான். மீன் கவ்வி உடம்பை நசுக்கினால்தான் முள் வெளியே வரும். அடித்த சத்தத்துக்கே இழுத்தால் லூர் வெறுமனே பறந்து வரும். அதனால் ராடு நுனியைத் தாழ்த்தி, தூண்டில் நரம்பின் தொய்வை ரீலில் சுற்றி, கையில் கனம் தெரிந்த பிறகு ஓங்கி இழுத்தேன். விரால் வாய் எலும்பு, மென்மையாக இழுத்தால் முள் ஏறாது.

ஏறியதும் விட்டுப் பிடிக்கிற வேலையே வேண்டாம். நரம்பு விட்டால் தண்டுகளுக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். நரம்பு ஓடாமல் பிடிக்கும் ரீலின் டிராக்கை இறுக்கி வைத்து, தலையை மேலே தூக்கி, ஒரே மூச்சில் வெளியே கொண்டுவர வேண்டும். இதற்குப் பல இழை பின்னிய பிரைடு நரம்புதான் சரி, ஒற்றை நைலான் இழையான தங்கூசி ரப்பர்போல நீளும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து கொப்பளிக்கும் இடத்தில் லூர் போடாதீர்கள். அடியில் காவல் நிற்கும் மீன் பசியில் அல்ல, குஞ்சுக்காகவே பாய்ந்து கடிக்கும். அதைப் பிடிப்பதில் எந்தத் திறமையும் இல்லை. அதைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் அந்தக் கூட்டத்தை விட்டுவைக்காது. குஞ்சுகள் நிறம் மாறித் தனித்தனியே பிரியும்வரை அந்த மூலையை விட்டுவிடுங்கள்.