இனவாதமும் சுகாதாரமும்: ஒப்படை திருத்துபவர்களிடம் ஒரு கேள்வி

ஹட்டன் டெமோ:
வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக டெமோ (விரிவுரையாளருக்கு உதவியாளர்), இனவாதமும் சுகாதாரமும் பற்றிய பாடத்துக்கு ஒப்படை திருத்துகிறேன். முதல் பாதி முழுக்க அமெரிக்காதான். டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்குச் சிபிலிஸ் இருப்பது தெரிந்தும், பெனிசிலின் வந்த பிறகும்கூட, மருந்து கொடுக்காமல் வைத்துப் பார்த்தது. கறுத்த தோலில் இரத்த ஒட்சிசன் அளவைக் கூட்டிக் காட்டும், விரலில் மாட்டும் கருவி. இதையெல்லாம் பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள். கடைசி ஒப்படைக்கு இலங்கையில் ஒரு சமூகத்தை எடுக்கச் சொன்னோம், நிறையப் பேர் நம் தேயிலைத் தோட்டங்களை எடுத்துவிட்டார்கள்.

ஒருவர் எழுதியிருக்கிறார்: தோட்ட மக்களுக்கு அறிவு குறைவு, குடி அதிகம், சுத்தம் இல்லை, அதனால்தான் பிள்ளைகள் வளர்ச்சி குன்றுகிறார்கள். எழுத்தில் ஒரு பிழை கிடையாது, தலைப்புகள் அழகாக இருக்கின்றன. இன்னொரு பிள்ளை தன் அம்மாவின் பிரசவத்தை மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது, ஆதாரம் என்று ஒன்றுமில்லை, வாசித்துவிட்டு அழுதேன். நான் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவள். புள்ளித் திட்டத்தில் தெளிவு, வாதம், ஆதாரம் என்று மூன்றே வரிதான் இருக்கிறது. என் கோபமும் அழுகையும் புள்ளியில் இறங்காமல் எப்படித் திருத்துவது?

கண்டிப் பக்கம்:
தங்கச்சி, முதல் கட்டுரைக்குப் புள்ளி குறையத்தான் வேண்டும். உங்களுக்குக் கோபம் வந்ததற்காக இல்லை, வாதம் பாதியில் நிற்கிறது என்பதற்காக. 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாடு முழுக்க 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7. இந்த இடைவெளி எப்படி வந்தது என்றுதானே கேள்வி? 1948 குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களுக்குக் குடியுரிமை போனது, அடுத்த ஆண்டே வாக்கும் போனது. வாக்கில்லாத சனத்துக்கு ரோட்டும் ஆஸ்பத்திரியும் கேட்டு எந்த எம்பி அன்றைக்குச் சண்டை போட்டிருப்பார்? பெரும்பாலானோருக்கு வீடு இன்றைக்கும் கம்பனி நடத்தும் காணியில், ஒரு கக்கூஸ் கட்டுவதென்றாலும் தோட்டத் துரையிடம் போய் நிற்க வேண்டும். இது ஒன்றுமே இல்லாமல் ‘சுத்தம் இல்லை’ என்று முடித்தால் அது எப்படி ஆராய்ச்சி ஆகும்?

அந்தப் பிள்ளையின் முந்தைய ஒப்படையையும் எடுத்துப் பாருங்கள். அமெரிக்கக் கறுப்பர் ஏன் டாக்டரை நம்புவதில்லை என்பதற்கு வரலாறு எழுதியிருப்பார், நம் ஆட்களுக்கு வந்ததும் பழக்கவழக்கத்தை எழுதிவிட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இங்கே வரலாறு எங்கே என்று கொமன்டில் கேளுங்கள். திட்ட வேண்டாம், கேட்டால் போதும்.

பழைய டிஸ்பென்சர், பொகவந்தலாவை:
மகள், நான் தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ‘அறிவு குறைவு’ என்பது எப்படி உருவாகிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். கர்ப்பிணிப் பிள்ளை ஒன்று கிளினிக் போனால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும், பாதி நாளில் திரும்பி ஓடிவந்து மலைக்கு ஏறினாலும் அரைப்பேர்தான். பஸ்ஸை விட்டால் திரீவீலருக்குக் கொடுக்கக் காசில்லை. அங்கே கவுண்டரில் இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்துச் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து அதைப் பிளேன்டீயோடு விழுங்கும். தேயிலைச் சாயம் இரும்பு உடம்பில் சேருவதைத் தடுக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு விளங்குகிற மொழியில் யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் இரத்தம் ஏறியிருக்காது, ‘மாத்திரை ஒழுங்காகக் குடிப்பதில்லை’ என்று கார்டில் எழுதுவார்கள். அந்த வரிதான் பிறகு அறிக்கைக்குள் போகிறது, உங்கள் மாணவரும் அதைத்தான் வாசித்திருப்பார்.

பதுளை அக்கா:
அம்மாவைப் பற்றி எழுதிய பிள்ளையின் கட்டுரைக்கு வருகிறேன். பட்ட கஷ்டத்துக்குப் புள்ளி போடாதீர்கள், போட்டால் கஷ்டத்தை எழுதாத பிள்ளைக்கு அநியாயம். ஆனால் அதற்குள் அவதானிப்பு இருக்கும், அதைத் தேடுங்கள். எட்டாம் மாதம் வரை கொழுந்து எடுத்தாள், வலி வந்த இரவில் லொறியில் ஏற்றினார்கள் என்று எழுதியிருந்தால் அது ஆதாரம்தான். அதை வேலை நிபந்தனையோடும் போக்குவரத்தோடும் அந்தப் பிள்ளை சேர்த்துச் சொல்லியிருக்கிறதா, அதற்குத்தான் புள்ளி. சேர்க்கவில்லை என்றால், எந்த இடத்தில் எதைச் சேர்க்கலாம் என்று ஓரத்தில் எழுதிக் கொடுங்கள், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அதை யாரும் செய்வதில்லை.

அப்புறம், மாணவர் சுட்டெண்ணை மறைத்துத் திருத்துங்கள். முதலில் ஒரு கட்டுத் தாள்களைப் புள்ளி போடாமல் சும்மா வாசியுங்கள். தோட்டம் பற்றிய தாள்களில் கொஞ்சத்தை வேறொரு டெமோவிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு பேர் புள்ளிக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் விரிவுரையாளரிடம் போங்கள். புள்ளித் திட்டத்தில் புது வரி மட்டும் இப்போது சேர்க்காதீர்கள், ஒப்படை கொடுத்த பிறகு சட்டத்தை மாற்றுவது சரியில்லை.

ஹட்டன் டெமோ:
எல்லோருக்கும் நன்றி. விரிவுரையாளரிடம் பேசினேன், இரண்டாம் திருத்துநருக்கு ஒத்துக்கொண்டார், அடுத்த தவணையிலிருந்து ‘காரணம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டல்’ என்று தனி வரி போடவும் சரி என்றார். டிஸ்பென்சர் ஐயா, அந்த மாத்திரை விஷயத்தை வகுப்பில் உதாரணமாகச் சொல்லலாமா?

பழைய டிஸ்பென்சர், பொகவந்தலாவை:
தாராளமாகச் சொல்லுங்கள் மகள். தோட்டத்துப் பேர் மட்டும் வேண்டாம்.