ஒரே கிரேன், நாப்பது வேலை: எந்த அல்காரிதம்?

கேள்வி:
யாங்கோன்ல ஒரு குடோன் கட்டுறோம், கிரேன் ஒண்ணு, வெல்டர் மூணு பேர், வேலை நாப்பது சொச்சம், மே மாச மழை புடிக்கிறதுக்குள்ள கூரை ஏறணும். கிரிட்டிக்கல் பாத் (எந்த வேலைத் தொடர் தள்ளிப்போனா மொத்தமும் தள்ளிப்போகும்னு பாக்கற கணக்கு) போட்டா அழகாத்தான் வருது, ஆனா ஒரே நாள்ல கிரேன் ரெண்டு எடத்துல நிக்கணும்ங்குது! ப்ரோக்ராம் நானே எழுதிக்கிறேன், வழி மட்டும் சொல்லுங்கண்ணே.

பதில் 1:
கிரிட்டிக்கல் பாத்துக்கு ஆளும் மிஷினும் அளவில்லாம இருக்குன்னு நெனப்பு தம்பி. ஆளும் மிஷினும் அளவா இருக்கறப்ப வேலைக்கு நாள் குறிக்கிற இந்தக் கணக்குக்குப் பேரு ஆர்சிபிஎஸ்பி (RCPSP). இது என்பி-ஹார்ட், அதாவது வேலை கூடக்கூட மிகச்சிறந்த விடைய வேகமா கண்டுபிடிக்க வழி தெரியாத வகைன்னு 1983லயே காட்டிட்டாங்க. மொதல்ல சீரியல் முறை எழுதுங்க. எது எப்ப முடிஞ்சே ஆகணும்ங்கற கடைசி நாள் வரிசைல ஒவ்வொரு வேலையா எடுத்து, முன்வேலை முடிஞ்சு, கிரேனும் வெல்டரும் அந்த வேலை முடியற வரைக்கும் ஃப்ரீயா கெடைக்கிற மொத நாள்ல உக்கார வெச்சுடுங்க, அவ்ளோதான்.

பதில் 2:
பேரலல் முறையும் இருக்கே, நாள் நாளா நகந்து அன்னைக்கு எது முடியுமோ அதை ஆரம்பிக்கறது?

பதில் 1:
இருக்கு, ஆனா அது கிரேனை சும்மா நிக்கவே விடாது. சில சமயம் பெரிய தூக்கு வேலைக்காக ஒரு நாள் காக்க வெச்சாத்தான் மொத்தமா சீக்கிரம் முடியும், அந்த வழி அதுக்கு சிக்காது.

பதில் 3:
நாப்பது வேலைக்கு கூகுளோட ஓஆர்-டூல்ஸ்ல இருக்கற சிபி-சாட்டே (CP-SAT) போதும், நிபந்தனைய சொன்னா அதுவே நல்ல அட்டவணைய தேடிக் குடுக்கற சாஃப்ட்வேர், ஃப்ரீதான். கிரேனுக்கு நோ-ஓவர்லாப் (ஒரே நேரத்துல ரெண்டு வேலை கூடாது), வெல்டருக்கு க்யூமுலேட்டிவ் 3 (ஒரே நேரத்துல மொத்தம் மூணு பேருக்கு மேல கூடாது)னு நிபந்தனை போடுங்க. ஏப்ரல்ல தின்ஜானுக்கு (மியான்மர் புத்தாண்டுத் திருவிழா) ஒருத்தனும் வரமாட்டான், அந்த நாளுங்களுக்கு எல்லாரையும் புடிச்சு வெக்கிற ஒரு டம்மி வேலை போட்டுடுங்க. கோடு சரியான்னு பாக்க பிஎஸ்பிலிப்ங்கற (PSPLIB) மாதிரிக் கணக்குத் தொகுப்புல 30 வேலை கணக்குங்க இருக்கு, விடையோட.