சோள இலையில் மஞ்சள் கோடுகள்: வைரஸ் பரிசோதனைக்கு மாதிரி அனுப்புவது எப்படி?

கேள்வி (மூதூர்)
வணக்கம். ஒன்றரை ஏக்கரில் பெரும்போகச் சோளம் செய்திருக்கிறேன். விதைத்து நாற்பது நாளாகிறது. ஆங்காங்கே சில செடிகளின் இளம் இலைகளில், நரம்பையொட்டி மெல்லிய மஞ்சள் கோடுகள் அடியிலிருந்து நுனிவரை ஓடுகின்றன, செடியும் வளராமல் கட்டையாக நிற்கிறது. குருத்தை விரித்தால் உள்ளே தத்திகள் என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சிகள் ஒடுங்கியிருக்கின்றன. அவை கழிக்கும் தேன்போன்ற நீருக்காக எறும்புகள் வரிசையாக ஏறுகின்றன. வைரஸாக இருக்கலாம், ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் உறுதியாகும் என்கிறார் எங்கள் விவசாயப் போதனாசிரியர். சென்ற போகத்தில் நான் அனுப்பிய இலைகள் அழுகிப்போய்ச் சேர்ந்ததால் சோதிக்க முடியவில்லை. இம்முறை எதை, எப்படி அனுப்ப வேண்டும்?

பதில் 1 (தாவர நோய் ஆய்வுகூடப் பணியாளர்)
ஐயா, நனைந்த இலையைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டினால், இங்குள்ள வெயிலில் ஒரே நாளில் அழுகிவிடும். கோடு தெளிவாகத் தெரியும் இளம் இலைகளை ஐந்தாறு செடிகளிலிருந்து காலையில் வெட்டி, ஈரம் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, செடிக்கொரு பையாகப் பிரித்து, குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஐஸ்கட்டி இலையில் நேரடியாகப் படக் கூடாது. வார இறுதியில் மாதிரி வழியில் தேங்காதபடி திங்கட்கிழமையே அனுப்பிவிடுங்கள்.

அதே இனத்தில் நோயில்லாத செடியின் இலையையும் கட்டாயம் சேருங்கள். எலைசா சோதனையில், 96 குழிகள் கொண்ட தட்டில் இலைச்சாற்றை விட்டு, வைரஸைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு தேடுகிறோம். வைரஸ் இருந்தால் கடைசியில் குழி மஞ்சளாகும். அந்த நிறச்செறிவு நல்ல இலையினுடையதைவிட இரண்டு மூன்று மடங்காவது இருந்தால்தான் நோய் உண்டென்று துணிந்து எழுதுவோம். ஒரு பிறபொருளெதிரி தனக்குரிய வைரஸை மட்டுமே காட்டும். ஆகவே ஒரு வைரஸ் இல்லையென்று முடிவு வந்தால் வேறெந்த வைரஸும் இல்லையென்று பொருளாகாது. 2011இல் கென்யாவில் சோளத்தை அழித்த நோயில் இரண்டு வைரஸ்கள் சேர்ந்திருந்தன. ஒன்றைப் பனிப்பூச்சியும் வண்டும் பரப்பின, மற்றதை அழுக்கணவன் பரப்பியது. தத்தி, எறும்பு பற்றி இங்கே எழுதியதை மாதிரியுடனும் எழுதி அனுப்புங்கள், எதைத் தேடுவதென்று அதைக்கொண்டே தீர்மானிப்போம். ஐயம் எஞ்சினால், ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றிப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை இருக்கிறது.

பதில் 2 (ஓய்வுபெற்ற போதனாசிரியர், கந்தளாய்)
தம்பி, அனுப்புமுன் நாகச்சத்து (துத்தநாகம்) குறைபாட்டையும் யோசியுங்கள். அதிலும் இளம் இலை வெளிறும். ஆனால் நடுநரம்பின் இருபுறமும், இலையடியில், அகன்ற வெண்பட்டையாகத் தெரியும், பெரும்பாலும் ஒரு பகுதிச் செடிகள் முழுவதிலும் காணும். பூச்சி கொண்டுவரும் நோய் சிதறி நிற்கும். வெவ்வேறு இடங்களில் நூறு செடிகளை எண்ணி, கோடு விழுந்தவற்றுக்குச் சிவப்பு நூல் கட்டுங்கள். மாதிரி எடுத்த செடியை முடிவு வரும்வரை பிடுங்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன், நூற்றில் ஏழு செடிகள். பக்கத்து இறுங்கு வரப்போரம்தான் அதிகம். இப்போதே மருந்து அடிக்கலாமா?

பதில் 1
வைரஸ் ஏறிய செடியை எந்த மருந்தும் மீட்காது. தத்திக்கு இறுங்கும் இரைப்பயிர்தான். ஆகையால் அந்த இறுங்கிலிருந்தும் இரண்டு இலைகளைத் தனிப் பையில் போட்டு அனுப்புங்கள். தத்திகள் சிலவற்றையும் சிறு போத்தலில் மதுசாரத்தில் இட்டுச் சேர்த்தால் இனத்தை உறுதிசெய்துவிடலாம்.